பேட்டரி விளக்கு எரிந்தால் முதலில் மீட்டரை எடுங்கள்

டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு பேட்டரிப் படம் எரிந்தால் பெரும்பாலானவர்கள் உடனே பேட்டரியை மாற்றிவிடுகிறார்கள். படமே பேட்டரி மாதிரி இருக்கிறதே, வேறென்ன தோன்றும்? புது பேட்டரி போட்டதும் செல்ஃப் ஒரே அடியில் எடுக்கிறது, மனசும் நிம்மதியாகிறது, கொஞ்ச நாளில் அந்தப் புது பேட்டரியும் படுத்துவிடுகிறது. எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன பயன்? அந்த விளக்கு பேட்டரி கெட்டுவிட்டது என்று சொல்வதே இல்லை. வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்றுதான் சொல்கிறது. சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டரின் வேலை.

சரி, ஆல்டர்னேட்டர்தான் என்று தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? நேராக அதை முழுசாகக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடுகிறார்கள். சில சமயம் அதுதான் சரியான வழி. ஆனால் பல சமயம் பழுது ஒரு தளர்ந்த பெல்ட்டிலோ, பூத்துப்போன ஒரு எர்த் வயரிலோ (மின்சாரம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி), தேய்ந்துபோன இரண்டு கார்பன் பிரஷ்ஷிலோ இருக்கும், நல்ல ஆல்டர்னேட்டர் ஒன்று பழைய இரும்போடு போய்ச் சேரும். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே பழுது எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

என் வண்டியில் வந்த பழுதையே எடுத்துக்கொள்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எந்தக் குறையும் இருக்காது. நன்றாக ஓடி என்ஜின் சூடான பிறகு, ஐடிலில் நிற்கும்போது மட்டும் பேட்டரி விளக்கு மங்கலாக மினுக்கும், ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அணைந்துவிடும். இரவில் ஹெட்லைட்டும் ஏசி ஃபேனும் ஓடினால் மினுக்கல் அதிகமாகும், என்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஹெட்லைட் வெளிச்சம் ஏறி இறங்கும். ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஆல்டர்னேட்டர் போச்சு, மாற்றிவிடலாம் என்றார்கள். யாரும் எதையும் அளக்கவில்லை. அளக்காமல் ஒரு பொருளைக் குப்பை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அளப்பதற்கு முன் இது எப்படி வேலை செய்கிறது என்பது மனதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீட்டரில் வரும் எண்ணுக்கு அர்த்தம் புரியாது. நடுவில் சுற்றுவது ரோட்டார். அதில் ஒரே ஒரு கம்பிச்சுருள். அந்தச் சுருளுக்கு இரண்டு கார்பன் பிரஷ்கள், இரண்டு செம்பு ஸ்லிப் ரிங்குகள் வழியாக மூன்று நான்கு ஆம்பியர் மின்சாரம் போகிறது, ரோட்டார் மின்காந்தமாகிறது. அதைப் பெல்ட் சுற்றும்போது, வெளியே அசையாமல் இருக்கும் ஸ்டேட்டரின் மூன்று சுருள்களில் மாறுதிசை மின்சாரம் உண்டாகிறது. ஆறு டயோடுகள் அதை நேர்த்திசையாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகின்றன. ரெகுலேட்டர் வோல்ட்டேஜைப் பார்த்துக்கொண்டே ரோட்டாருக்குப் போகும் அந்தச் சிறிய மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், வெளியே 80, 100 ஆம்பியர் வரை வரும் சக்தியை ஒரு விரல் நீளம்கூட இல்லாத பிரஷ்கள் வழியாகப் போகிற சில ஆம்பியர்தான் ஆட்டி வைக்கிறது. பழைய டைனமோவில் இந்த வசதி கிடையாது, உண்டாகிற மொத்த மின்சாரமும் பிரஷ் வழியாகத்தான் வெளியே வரவேண்டும், ஐடிலில் சார்ஜும் ஒழுங்காக ஏறாது. சிலிக்கன் டயோடுகள் வந்த பிறகுதான் கார்களில் ஆல்டர்னேட்டர் பரவியது. 1960 மாடல் கிரைஸ்லர் வேலியண்ட்டில் அது கூடுதல் வசதியாக இல்லாமல் வண்டியோடேயே வந்தது.

ஆக, பழுதுக்கு ஐந்தாறு இடம்தான் உண்டு. சுற்றும் சக்தி வராமல் போகலாம், அது பெல்ட், புல்லி. காந்தம் ஆகாமல் போகலாம், அது பிரஷ், ஸ்லிப் ரிங், ரோட்டார் சுருள், ரெகுலேட்டர். உண்டானது நேர்த்திசையாக மாறாமல் போகலாம், அது டயோடு. உண்டாக்கும் சுருளே எரிந்திருக்கலாம், அது ஸ்டேட்டர். எல்லாம் சரியாக இருந்தும் உண்டானது பேட்டரிக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம், அது வயரும் எர்த்தும்.

முதலில் கண்ணும் காதும். பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் அது வழுக்குகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தி, பிறகு அடங்கினாலும் அதே சந்தேகம்தான். பெல்ட்டில் ஆயிலோ கூலன்ட்டோ ஒழுகியிருந்தால் ஒழுக்கை நிறுத்தாமல் பெல்ட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. என்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறுகிற ஊளைச் சத்தம் பேரிங்கிலிருந்து வரலாம். வார்னிஷ் கருகிய வாடை வந்தால் சுருள் சூடேறியிருக்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை: ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி விளக்கு எரிந்து, கூடவே என்ஜின் சூடும் ஏறினால் உடனே ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்ப்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது, அது அறுந்திருக்கலாம். பேட்டரி விளக்கு மட்டும் எரிந்தால் வண்டி கொஞ்ச தூரம் ஓடும், பேட்டரியில் மிச்சமிருப்பது தீரும்வரை. ஏசி ஃபேன், பின்கண்ணாடி ஹீட்டர் இதையெல்லாம் அணைத்துவிட்டு, என்ஜினை இடையில் நிறுத்தாமல் பத்திரமான இடத்துக்குப் போய்விட வேண்டும், ஏனென்றால் நிறுத்தினால் செல்ஃப் திரும்ப எடுக்கும் என்று நம்ப முடியாது.

இப்போது மீட்டர். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு பேட்டரி டெர்மினல்களில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுசாக இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் காலியாகிக்கொண்டிருக்கிறது. காலி பேட்டரியை வைத்துக்கொண்டு ஆல்டர்னேட்டரைச் சோதிப்பதில் அர்த்தமில்லை, முதலில் தனி சார்ஜரில் போட்டு நிரப்புங்கள். செத்த பேட்டரியோடு நிற்கும் வண்டியை வேறொரு பேட்டரியை இணைத்து ஜம்ப் செய்து கிளப்பி, ஓட்டிக்கொண்டே ஏற்றிவிடலாம் என்று நினைப்பது ஆல்டர்னேட்டரைத்தான் வதைக்கும். அது முழு மூச்சில் ஓடிச் சூடேறும், டயோடுகளுக்கும் ஸ்டேட்டருக்கும் அந்தச் சூடுதான் எமன்.

அப்புறம் என்ஜினை ஓடவிட்டு அதே இடத்தில் அளந்தால் 13.8 முதல் 14.5 வரை ஏதாவது வர வேண்டும். ஹெட்லைட், ஏசி ஃபேன், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு, என்ஜினை நிமிடத்துக்கு 1500, 2000 சுற்றில் வைத்தாலும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. 15-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது, பேட்டரி கொதிக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். ஒரு விஷயம் மட்டும் ஞாபகத்தில் இருக்கட்டும்: சமீபத்திய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரை என்ஜின் கம்ப்யூட்டர்தான் இயக்குகிறது, எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டுமென்றே சார்ஜைக் குறைக்கும். அதில் 12.8 தெரிந்தால் பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஹெட்லைட், ஏசி ஃபேன் என்று லோடு போட்டுப் பாருங்கள், ஓட்டிப் பாருங்கள், ஸ்கேனர் கிடைத்தால் கம்ப்யூட்டர் என்ன கேட்கிறது என்றும் பாருங்கள்.

என் வண்டியில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 14.2 வந்தது. சூடான பிறகு ஐடிலில், ஹெட்லைட் போட்டதும் 12.4-க்கு இறங்கியது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் 13.9. இதை மட்டும் பார்த்தால் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதுதான் சரி என்று தோன்றும். ஆனால் இந்த எண்கள் சார்ஜ் குறைகிறது என்பதை மட்டும்தான் சொல்கின்றன. எங்கே குறைகிறது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

அடுத்த சோதனையைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள், என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் முக்கியமானது இதுதான். என்ஜின் ஓடட்டும், லோடு எல்லாம் போட்டிருக்கட்டும். மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் பெரிய போல்ட்டில், அதாவது பி பிளஸ்ஸில் வையுங்கள், கறுப்பு முனையை பேட்டரியின் பிளஸ் டெர்மினலில் வையுங்கள். இரண்டும் பிளஸ்தானே, எதற்கு என்று கேட்கலாம். இரண்டும் ஒரே தடிமனான வயரின் இரண்டு முனைகள், அந்த வயரிலும் அதன் இணைப்புகளிலும் எவ்வளவு வோல்ட் தொலைந்துபோகிறது என்பதை மீட்டர் காட்டும். 0.2-க்குள் இருந்தால் கவலை இல்லை. 0.6, 0.8 என்று வந்தால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது, வழியில்தான் பறிபோகிறது. இதே மாதிரி ஆல்டர்னேட்டரின் அலுமினிய உடம்பில் ஒரு முனை, பேட்டரியின் மைனஸில் ஒரு முனை. இங்கேயும் 0.2-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். வெளியே பளிச்சென்று இருக்கும், போல்ட்டுக்கு அடியில் துருவும் வெள்ளைப் பொடியும் ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புத்தாளால் தேய்த்து உலோகம் தெரியும்படி சுத்தம் செய்து இறுக்கினால் போதும். வயரின் மேலுறை நன்றாக இருந்தும் உள்ளே செம்பு பச்சையாக அரித்துப்போவதும் உண்டு, கையால் வளைத்துப் பார்த்தால் மொறமொறவென்று இருக்கும். மின்சாரம் ஓடாத நேரத்தில் ஓம், அதாவது மின்தடை, அளந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒற்றை இழை ஒட்டிக்கொண்டிருந்தாலே ஓம் மீட்டர் பூஜ்ஜியம் காட்டிவிடும், 60 ஆம்பியர் போகும்போதுதான் அந்த இழையின் லட்சணம் தெரியும். அதனால்தான் லோடு போட்டு வோல்ட் இழப்பைப் பார்க்கச் சொல்கிறேன்.

என் வண்டியில் இரண்டு பக்கமும் 0.1-க்குள்தான் இருந்தது. வயர்மேல் குற்றமில்லை.

அடுத்தது டயோடு. மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு, அதாவது மாறுதிசை மின்சாரத்தை அளக்கும் இடத்துக்குத் திருப்பி, என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினல்களில் வைக்க வேண்டும். ஆறு டயோடும் நல்லபடியாக இருந்தால் 0.1-க்குக் கீழேதான் காட்டும். 0.5-ஐத் தாண்டினால் ஏதோ ஒரு டயோடு போய்விட்டது. ரேடியோவில் என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம் கேட்பதும் இதற்கு ஒரு அடையாளம். விலை குறைந்த சில மீட்டர்களில் ஏசி அளவில் நேர்மின்சாரத்தை வைத்தாலே இருபதுக்கு மேல் ஏதாவது எண் காட்டும். அதனால் என்ஜின் அணைந்திருக்கும்போது பேட்டரியில் வைத்துப் பார்த்து, பூஜ்ஜியம் காட்டினால் மட்டும் அந்த மீட்டரை இதற்கு நம்புங்கள். டயோடு பழுதானால் இன்னொரு தொல்லையும் வரும். சார்ஜ் ஓரளவு ஏறும், ஆனால் வண்டி நிற்கும் இரவெல்லாம் பேட்டரியிலிருந்து மின்சாரம் அந்த டயோடு வழியாகத் திரும்பிக் கசியும். காலையில் பேட்டரி காலி. எல்லாம் அணைத்து, வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கிய பிறகும் 50 மில்லிஆம்பியருக்கு மேல் போய்க்கொண்டிருந்தால், பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு பி பிளஸ் வயரைப் பிரித்துத் தனியாக மூடி வைத்து மறுபடியும் அளந்து பாருங்கள். கசிவு நின்றுவிட்டால் வேறெங்கும் தேட வேண்டாம்.

என் வண்டியில் ஏசி அளவும் சுத்தமாக இருந்தது. பெல்ட் சரி, வயர் சரி, டயோடு சரி. மிச்சமிருப்பது காந்தம் ஆக்கும் பகுதிதான். என்ஜின் சூடாகி ஐடிலில் விளக்கு மினுக்கும் நேரமாகப் பார்த்து, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் ஆல்டர்னேட்டரின் பின்பக்க மூடியை, பெல்ட்டிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, லேசாகத் தட்டினேன். விளக்கு பட்டென்று அணைந்தது, மீட்டர் 13.8-க்கு ஏறியது, சிறிது நேரத்தில் மறுபடியும் இறங்கியது. தட்டினால் உயிர் வருகிறது என்றால் பிரஷ் ஸ்லிப் ரிங்கைச் சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். சூட்டில் ரோட்டார் சுருளின் மின்தடையும் ஏறும், ஐடிலில் சுற்றும் வேகமும் குறைவு, இவற்றோடு பிரஷ்ஷின் தொடுதலும் தளர்ந்துபோனதால்தான் அந்த நேரத்தில் மட்டும் பழுது தலைகாட்டியிருக்கிறது.

ஒன்றை மட்டும் யாரும் செய்யாதீர்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைப் பிடுங்கிப் பார்த்து, வண்டி நின்றால் ஆல்டர்னேட்டர் பழுது, ஓடினால் நல்லது என்று சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. டைனமோ காலத்தில் தப்பித்திருக்கலாம். ஓடும் ஆல்டர்னேட்டரிடமிருந்து பேட்டரியைத் திடீரென்று பிரித்தால், ரெகுலேட்டர் சுதாரிப்பதற்குள் வோல்ட்டேஜ் பல மடங்கு துள்ளும். என்ஜின் கம்ப்யூட்டரும் ரெகுலேட்டரும் டயோடும் ஒரே நொடியில் போகலாம். மீட்டரில் பார்க்க முடிவதற்கு எதற்கு இந்த ஆபத்து?

கழற்றும் வேலை வண்டிக்கு வண்டி மாறும். மாறாத விதி, முதலில் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி ஒதுக்கி வைப்பது. பி பிளஸ் போல்ட் சாவியை எடுத்தாலும் எப்போதும் உயிரோடுதான் இருக்கும், ஸ்பேனர் அதிலும் என்ஜினிலும் ஒரே நேரத்தில் பட்டால் கைக்கே ஆபத்து. பெல்ட் எந்தப் புல்லியைச் சுற்றி எப்படிப் போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட் கழன்ற நேரத்திலேயே புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ தெரிந்தால் பேரிங் முடிந்துவிட்டது. சில வண்டிகளில், முக்கியமாக டீசல் வண்டிகளில், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் புல்லி இருக்கும், ஒரு திசையில் ரோட்டாரைச் சேர்த்து இழுக்கும், எதிர்த்திசையில் தனியாகச் சுற்றும். இரண்டு திசையிலும் தனியாகச் சுற்றினால் ஆல்டர்னேட்டரில் ஒரு குறையும் இல்லாமலே சார்ஜ் ஏறாது.

பின்மூடியைத் திறந்தால் பல மாடல்களில் ரெகுலேட்டரும் பிரஷ் ஹோல்டரும் சேர்ந்த ஒரு துண்டு சில ஸ்க்ரூவில் நிற்கும், முழு ஆல்டர்னேட்டரைப் பிளக்கத் தேவையே இல்லை. என்னுடையதும் அப்படித்தான். வெளியே எடுத்ததும் கரித்தூள் கொட்டியது. ஒரு பிரஷ் ஹோல்டருக்கு வெளியே 6 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று 2 மில்லிமீட்டர்கூட இல்லை, அடியில் இருந்த ஸ்பிரிங் தன் முழு நீளத்துக்கும் விரிந்துவிட்டதால் அதைத் தள்ள இனி ஸ்பிரிங்கில் வலுவே இல்லை. புதிதாக இருக்கும்போது இவை 10 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், 5-க்குக் கீழே வந்தால் மாற்றிவிடுவது நல்லது.

பிரஷ்ஷை மாற்றுவதோடு நிறுத்திவிடக் கூடாது, ஸ்லிப் ரிங்கையும் பார்க்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன், இரண்டு ரிங்கிலும் பிரஷ் ஓடிய தடம் கறுத்திருந்தது, ஆழமான பள்ளம் இல்லை. மிக நைசான உப்புத்தாளை நீளப் பட்டையாக வெட்டி ரிங்மேல் வைத்து, ரோட்டாரைக் கையால் சுற்றிக்கொண்டே தேய்த்தால் செம்பு நிறம் ஒரே சீராக வரும். ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் அங்கே குழி விழும், பிரஷ் அதில் துள்ளும். பிறகு இரண்டு ரிங்குக்கும் நடுவே ஓம் அளந்தேன், 2.9. பொதுவாக 2-லிருந்து 5-க்குள் இருக்கும். ஒன்றும் காட்டவில்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது, பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் உள்ளே ஷார்ட். ரிங்குக்கும் ரோட்டார் தண்டுக்கும் நடுவே எந்த இணைப்பும் காட்டக் கூடாது. டயோடு சந்தேகம் இருப்பவர்கள் ஸ்டேட்டர் முனைகளைப் பிரித்துவிட்டு, மீட்டரின் டயோடு அளவில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், ஒரு திசையில் 0.5 அளவுக்கு வரும், முனையைத் திருப்பினால் ஒன்றும் வராது. இரண்டு திசையிலும் ஒரே மாதிரி காட்டுவது செத்த டயோடு.

பிரஷ் தனியாகவும் கிடைக்கும், அதைச் சால்டர் செய்து பொருத்தலாம், நான் ரெகுலேட்டரோடு சேர்ந்த துண்டாகவே மாற்றினேன், ஏனென்றால் பிரஷ் தேய்ந்து முடியும் காலத்தில் ரெகுலேட்டரும் அதே சூட்டில் அதே அளவு உழைத்திருக்கும். மாட்டும்போது பிரஷ்கள் ஸ்பிரிங்கில் வெளியே துருத்தும். ஹோல்டரில் அதற்கென்றே ஒரு சின்னத் துளை இருந்தால் மெல்லிய கம்பியை விட்டு பிரஷ்ஷை உள்ளே பிடித்து வைத்து, பொருத்திய பிறகு உருவிவிட வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் கார்பன் முனை உடையும்.

எப்போது பழுது பார்ப்பதை விட்டுவிடுவது? ஸ்டேட்டர் சுருள் கருகிக் கறுத்திருந்தால், ஸ்லிப் ரிங் தேய்ந்து மெலிந்திருந்தால், பேரிங் அமரும் அலுமினியக் குழி தளர்ந்திருந்தால், என் கணிப்பில் அதற்கு மேல் உழைப்பைக் கொட்டுவதில் பலன் குறைவு. அப்போது மாற்றுங்கள், ஆனால் பழைய ஆல்டர்னேட்டரில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அதற்குக் குறையாமல் வாங்குங்கள், பி பிளஸ் வயரும் எர்த்தும் நன்றாக இருக்கின்றனவா என்று மறுபடியும் பாருங்கள். மோசமான வயரில் மாட்டிய புது ஆல்டர்னேட்டரிலும் பழைய பழுதே திரும்ப வரும்.

எல்லாவற்றையும் மாட்டி, பி பிளஸ் நட்டை நன்றாக இறுக்கி, அதன் ரப்பர் மூடியைப் போட்டு, கடைசியாகப் பேட்டரி மைனஸை இணைத்தேன். குளிர்ந்த என்ஜினில் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை, பழுது வந்ததே சூட்டில்தான். நன்றாக ஓட்டிச் சூடாக்கி, ஐடிலில் நிறுத்தி, ஹெட்லைட், ஏசி ஃபேன், பின்கண்ணாடி ஹீட்டர் மூன்றையும் போட்டேன். 13.9. விளக்கு மினுக்கவில்லை. அந்த எண்ணையும், குளிரில் வந்ததையும், பிளஸ் வயரிலும் எர்த்திலும் வந்த வோல்ட் இழப்பு அளவுகளையும் ஒரு சீட்டில் எழுதி வண்டிப் புத்தகத்துக்குள் செருகியிருக்கிறேன், அடுத்த முறை சந்தேகம் வந்தால் நல்ல நிலையில் என்ன காட்டியது என்று ஒப்பிட்டுப் பார்க்க.